தராசு காட்டாததைக் கயிறு காட்டும்!

உடல் எடைக்கும் இன்சுலினுக்கும் என்ன உறவு? ஒல்லியான விவசாயிக்கும் சர்க்கரை வருவது ஏன்?

கிராமத்தில் மருத்துவ முகாம் நடக்கும் நாளில் இரண்டு விதமான பேச்சு காதில் விழும். ரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வாங்கியவர், ''நான் என்ன குண்டாவா இருக்கேன்? 60 கிலோதான். எனக்கு எப்படிச் சர்க்கரை வந்துச்சு?'' என்பார். பக்கத்தில் நிற்பவர், ''என்னைப் பாருங்க, 85 கிலோ. எனக்கு ஒண்ணும் இல்லையாம்'' என்று சிரிப்பார். இரண்டையும் கேட்டவர்கள், 'எடைக்கும் சர்க்கரைக்கும் சம்பந்தமே இல்லை போல' என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

சம்பந்தம் இருக்கிறது. அதுவும் மிக நெருக்கமான சம்பந்தம். ஆனால், அந்தக் கணக்கு தராசு முள்ளில் முழுதாகத் தெரிவதில்லை. எத்தனை கிலோ என்பதோடு, அந்தக் கொழுப்பு உடம்பில் எந்த இடத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

இதைத் தெரிந்துகொள்வதில் விவசாயக் குடும்பங்களுக்கு அக்கறை அதிகம் இருக்க வேண்டும். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை பல ஆண்டுகள் நீடித்தால் பாதம் மரத்துப்போகும். வெறுங்காலோடு சேற்றில் இறங்குபவருக்கு முள் குத்தியது தெரியாது. சின்னக் காயம் புண்ணாகி, விரலையோ காலையோ எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோய்விடும். உழைக்கும் கால் போனால் நிலத்தைக் குத்தகைக்கு விடுவதைத் தவிர வேறு வழியிருக்காது. ஆனால், சர்க்கரை நோய் திடீரென ஒருநாள் வருவதில்லை. பெரும்பாலான பெரியவர்களுக்கு, அதற்குப் பல ஆண்டுகள் முன்பே 'இன்சுலின் எதிர்ப்பு' என்ற நிலை உடம்பில் தொடங்கிவிடுகிறது. திருப்பிப் போட வாய்ப்புள்ள காலம் அதுதான்.

மடை திறக்க எத்தனை ஆள்?

நாம் சாப்பிடும் சோறு, இட்லி, களி எல்லாம் செரித்து குளுக்கோஸ் என்ற சர்க்கரையாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. ரத்தத்தை வாய்க்கால் என்று வைத்துக்கொண்டால், தசையும் கல்லீரலும் வயல்கள். வாய்க்காலில் தண்ணீர் ஓடினால் மட்டும் வயல் நனையாது. மடையைத் திறந்துவிட ஆள் வேண்டும். அந்த வேலையைச் செய்வது இன்சுலின். வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் கணையம் என்ற சுரப்பிதான் இந்த ஆட்களை அனுப்புகிறது.

ஆரோக்கியமான உடம்பில் ஓர் ஆள் வந்தாலே மடை திறந்துவிடும். இன்சுலின் எதிர்ப்பு வந்த உடம்பில் மடை இறுகிக் கிடக்கிறது. ஓர் ஆள் திறந்த மடைக்கு இரண்டு பேர், மூன்று பேர் தேவைப்படுகிறார்கள். கணையமும் சளைக்காமல் கூடுதல் ஆட்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். அதுவரை ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை சரியாகவே காட்டும். 'எனக்கு ஒண்ணும் இல்லை' என்று சிரிக்கும் 85 கிலோக்காரர் இந்தக் கட்டத்தில் இருக்கலாம். ஆண்டுக்கணக்கில் அதிக வேலை பார்க்கும் கணையத்தில் ஒரு கட்டத்தில் ஆள் பற்றாக்குறை வரும். அப்போதுதான் வாய்க்காலில் சர்க்கரை தேங்க ஆரம்பிக்கிறது. அந்த நாளில்தான் நோய் வந்ததாக நாம் நினைக்கிறோம்.

இந்த உண்மை தெரியவந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 1922-ம் ஆண்டு கனடாவில் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு இன்சுலின் ஊசி போடப்பட்டது. சர்க்கரை நோய் என்றாலே இன்சுலின் இல்லாத குறை என்றுதான் அன்று நினைத்தார்கள். 1936-ல் லண்டன் மருத்துவர் ஹெரால்டு ஹிம்ஸ்வொர்த், நோயாளிகளில் இரண்டு வகையினர் இருப்பதைக் காட்டினார். ஒரு வகையினருக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்தது; இன்னொரு வகையினருக்கு அதே அளவு இன்சுலின் எடுபடவே இல்லை. 1960-ல் அமெரிக்காவின் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் ரத்தத்தில் உள்ள இன்சுலினை அளக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். அளந்து பார்த்தால், நடுவயதில் சர்க்கரை நோய் வந்த பலரின் ரத்தத்தில் இன்சுலின் தாராளமாகவே இருந்தது. ஆள் இருந்தும் மடை திறக்கவில்லை என்பது அப்போது உறுதியானது. யாலோவுக்கு 1977-ல் நோபல் பரிசு கிடைத்தது.

குதிர் நிறைந்தால் மூட்டை எங்கே போகும்?

மடை ஏன் இறுகுகிறது? இங்கேதான் எடை வருகிறது.

செலவழிந்தது போக மீதமாகும் உணவை உடம்பு கொழுப்பாக மாற்றிச் சேமிக்கிறது. அதற்கென்று இயற்கை ஒதுக்கிய குதிர், தோலுக்கு அடியில் உள்ள கொழுப்புப் படலம். தொடை, இடுப்பு, கை எனப் பரவலாக இருக்கும் இந்தக் கொழுப்பால் பெரிய தொந்தரவு இல்லை. விளைச்சல் அதிகமாகி, குதிர் நிறைந்த பிறகும் நெல் வந்துகொண்டே இருந்தால் என்ன ஆகும்? மூட்டைகள் திண்ணையில் ஏறும், கூடத்தில் ஏறும், கடைசியில் அடுப்பங்கரையிலும் ஏறும். புழங்க இடம் இருக்காது.

உடம்பிலும் இதே கதைதான். தோலடிக் குதிர் நிறைந்ததும் கொழுப்பு குடலைச் சுற்றிச் சேர்கிறது. கல்லீரலுக்குள், தசைக்குள், கணையத்துக்குள்கூடப் புகுகிறது. வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு சும்மா கிடக்காது. அதிலிருந்து கசியும் கொழுப்பு அமிலங்கள் நேராகக் கல்லீரலுக்குப் போகின்றன. தசைக்குள் புகுந்த கொழுப்பு, இன்சுலின் சொல்லும் சேதி உள்ளே போய்ச் சேராதபடி தடுக்கிறது.

''ராத்திரி ரெண்டு இட்லிதான் சாப்பிட்டேன். காலையில வெறும் வயித்துல எப்படி 130 இருக்கும்?'' என்று பலர் கேட்பதற்கும் விடை இதில் இருக்கிறது. நாம் தூங்கும்போது, மூளைக்கும் மற்ற உறுப்புகளுக்கும் தேவையான சர்க்கரையைக் கல்லீரல் தயாரித்துக் கொடுக்கிறது. 'போதும், நிறுத்து' என்று அதற்குச் சொல்வது இன்சுலின்தான். கொழுப்பு படிந்த கல்லீரல் அந்தச் சொல்லைக் கேட்பதில்லை. ராத்திரி முழுக்கச் சர்க்கரையைத் தயாரித்து ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும்.

ஒரே எடை... இரண்டு உடம்பு!

எல்லோருடைய குதிரும் ஒரே அளவு இல்லை. சிலருக்குப் பெரிய குதிர். 85 கிலோ வந்தாலும் தோலடியிலேயே தாங்கிக்கொள்ளும். சிலருக்குச் சின்னக் குதிர். 60 கிலோவிலேயே நிறைந்து வழியும். இந்தியர்களில் பலருக்கு இந்தக் குதிர் சிறியது என்பதுதான் சிக்கல்.

இதைப் பளிச்சென்று காட்டும் ஒரு படம் 2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது. படத்தில் இருந்தவர்கள் இரண்டு மருத்துவர்கள். ஒருவர் புனேவைச் சேர்ந்த சி.எஸ்.யாஜ்னிக், இன்னொருவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ அளவு இருவருக்கும் ஒன்றுதான், 22.3. ஆனால், உடம்பில் இருந்த கொழுப்பு லண்டன்காரருக்கு 9.1 சதவிகிதம்; புனேக்காரருக்கு 21.2 சதவிகிதம். தராசைப் பொறுத்தவரை இருவரும் சமம். உள்ளே இரண்டு மடங்குக்கும் மேல் வித்தியாசம்.

யாஜ்னிக் குழுவினர் புனேவுக்கு அருகிலுள்ள ஆறு கிராமங்களில் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் 1993 முதல் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை சுமார் 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் சுமார் 3.5 கிலோ. எடை இவ்வளவு குறைந்தும், தோலடிக் கொழுப்பு மட்டும் அதே அளவுக்குக் குறையவில்லை. குறைந்தது தசைதான். கிராமத்துத் தாய்மார்கள் போதிய சத்துணவு இல்லாமல், கர்ப்ப காலத்திலும் வயல் வேலை பார்த்தவர்கள். வயிற்றில் இருக்கும்போதே தசையைச் சிக்கனமாக வளர்த்துக்கொண்ட குழந்தை, பெரியவனாகி வசதி வந்து தொப்பை போடும்போது அந்தச் சுமையைத் தாங்க உடம்பில் தெம்பு குறைவாக இருக்கிறது.

அதனால்தான் இந்தியர்களுக்கு எடை வரம்பு தனியாக வகுக்கப்பட்டிருக்கிறது. பி.எம்.ஐ 23-ஐத் தொட்டாலே அதிக எடை. 25-ஐத் தொட்டால் உடல் பருமன். மேற்கத்திய நாடுகளில் இது 25, 30 என்று இருக்கும். 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 62 கிலோவைத் தாண்டினாலே எச்சரிக்கை, 68 கிலோ பருமன். 155 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 55 கிலோவில் எச்சரிக்கை, 60 கிலோவில் பருமன்.

கயிறு எடுங்கள்!

எடையைவிட இடுப்பளவு துல்லியமாகச் சேதி சொல்லும். இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், அதாவது சுமார் 35 அங்குலம். பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், சுமார் 31 அங்குலம். இதைத் தாண்டினால் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

டேப் இல்லாத வீட்டில் ஒரு சணல் கயிறு போதும். உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை உயரத்தை அளந்து கயிற்றை வெட்டிக்கொள்ள வேண்டும். அதை இரண்டாக மடித்து, அந்தப் பாதி நீளத்தை வயிற்றைச் சுற்றிக் கட்டிப் பார்க்க வேண்டும். முனைகள் தொட்டுக்கொண்டால் நல்லது. தொடவில்லை என்றால், தராசு என்ன சொன்னாலும் சரி, கவனிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. இடுப்பளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்பதே இதன் கணக்கு.

அளக்கும் இடம் முக்கியம். வேட்டியும் அரைஞாண் கயிறும் பெரும்பாலும் தொப்பைக்குக் கீழே இறங்கி நிற்கும். அங்கே அளந்தால் அளவு குறைத்துக் காட்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல்முனைக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்டபிறகு, வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும்.

உடம்பு வெளியே காட்டும் வேறு அடையாளங்களும் உண்டு. பின்கழுத்து, அக்குள் பகுதிகளில் தோல் கறுத்துத் தடித்து வெல்வெட் துணிபோல இருப்பது, கழுத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன மருக்கள் முளைப்பது, ஸ்கேனில் 'கல்லீரலில் கொழுப்பு' என்று வருவது, இளம்பெண்களுக்குச் சினைப்பை நீர்க்கட்டியோடு மாதவிலக்கு தள்ளிப்போவது ஆகியவை இன்சுலின் எதிர்ப்போடு தொடர்புடையவை. 'கழுத்து அழுக்கு' என்று பிள்ளைகளைத் தேங்காய்நாரால் தேய்த்துவிடும் தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். அது தேய்த்தால் போகும் அழுக்கு இல்லை.

உழைப்பு குறைந்தது... சாப்பாடு குறையவில்லை!

'காட்டுல மேட்டுல உழைக்கிறவனுக்குச் சர்க்கரை வராது' என்பது ஊரில் பழகிப்போன பேச்சு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு, நாடு முழுவதும் 1,13,043 பேரிடம் நடத்தப்பட்ட பெரிய ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. நாட்டில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடி பேருக்கு அதன் முன்நிலை என்று அது மதிப்பிட்டது. சர்க்கரை நோய் நகரத்தில் 16.4 சதவிகிதம், கிராமத்தில் 8.9 சதவிகிதம். இதுவரை பார்த்தால் கிராமம் தப்பித்ததுபோல இருக்கும். ஆனால், முன்நிலையில் இருப்பவர்களின் விகிதத்தில் நகரத்துக்கும் கிராமத்துக்கும் ஏறத்தாழ வேறுபாடே இல்லை. அடுத்த அலை கிராமத்தின் கரையில் நிற்கிறது என்று அர்த்தம்.

காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஏர் பிடித்து நடந்த உழவை டிராக்டர் செய்கிறது. கவலை இறைத்த கிணற்றில் மோட்டார் ஓடுகிறது. களையெடுப்புக்குப் பவர் வீடர், அறுவடைக்கு எந்திரம், வயலுக்குப் போக இரு சக்கர வாகனம். உடம்பு நோகாமல் விவசாயம் செய்ய முடிவது நல்ல மாற்றம்தான். ஆனால், ஏர் ஓட்டிய காலத்துச் சோற்று அளவு அப்படியே தட்டில் தொடர்கிறது. போதாததற்கு டீக்கடையும் சேர்ந்துகொண்டது. ஒரு நாளைக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் 50 கிராம். அதில் மட்டும் 200 கலோரி. ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. மாதக் கணக்குப் போட்டால், டீயில் கரைந்த சர்க்கரை மட்டுமே முக்கால் கிலோ கொழுப்புக்குச் சமம். கூடவே கடிக்கும் வடை, போண்டா இந்தக் கணக்கில் வரவில்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மும்முனை மின்சாரம் ராத்திரியில் வரும் ஊர்களில், மோட்டார் போட நடுச்சாமத்தில் எழுந்து போகும் விவசாயிகள் உண்டு. தொடர்ந்து தூக்கம் கெட்டாலும் இன்சுலின் சரியாக எடுபடாது. பீடி, சிகரெட்டும் மதுவும் இதே பக்கம்தான் தள்ளும்.

எவ்வளவு குறைத்தால் போதும்?

இனி நல்ல சேதி. சினிமா நடிகர்போல மெலிய வேண்டிய அவசியம் இல்லை.

அமெரிக்காவில், சர்க்கரை நோயின் முன்நிலையில் இருந்த 3,234 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2002-ல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு இரண்டே இலக்குகள்: உடல் எடையில் 7 சதவிகிதம் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பது. சும்மா இருந்தவர்களோடு ஒப்பிட்டால், இவர்களில் சர்க்கரை நோய்க்கு மாறியவர்கள் 58 சதவிகிதம் குறைவு. மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்ட பிரிவில் 31 சதவிகிதம்தான் குறைவு. 72 கிலோ எடையுள்ளவருக்கு 7 சதவிகிதம் என்பது வெறும் 5 கிலோ.

நம் ஊர் உடம்புக்கு இது பொருந்துமா? சென்னையைச் சேர்ந்த மருத்துவர் அ.ராமச்சந்திரன் தலைமையிலான குழு, இந்தியாவில் 531 பேரிடம் இதைச் சோதித்து, 2006-ல் முடிவை வெளியிட்டது. மூன்று ஆண்டுக் கணக்கைப் பார்த்தபோது, சாதாரண ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 55 பேர் சர்க்கரை நோயாளிகள் ஆகியிருந்தார்கள். உணவிலும் நடைப்பயிற்சியிலும் மாற்றம் செய்தவர்களில் 100-க்கு 39 பேர்தான். இவர்களுடைய எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய செய்தி. தராசு முள் அசையாவிட்டாலும், நடந்த நடையும் குறைத்த சோறும் உள்ளே வேலை செய்திருக்கின்றன. 'ஒரு மாசம் நடந்தேன், ஒரு கிலோகூடக் குறையலை' என்று சலித்துப்போய் நிறுத்துபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஏற்கெனவே நோய் வந்தவர்களுக்கும் வழி அடைபடவில்லை. பிரிட்டனில் ராய் டெய்லர், மைக் லீன் ஆகிய பேராசிரியர்கள் நடத்திய ஆய்வின் முடிவு 2017-ல் வந்தது. நோய் வந்து ஆறு ஆண்டுகளுக்குள் இருந்த, இன்சுலின் ஊசி போடாத நோயாளிகள் இதில் பங்கேற்றார்கள். மருத்துவர் கண்காணிப்பில் எடை குறைத்தவர்களில் 46 சதவிகிதம் பேருக்கு, ஓர் ஆண்டு கழித்து மாத்திரை இல்லாமலே சர்க்கரை நோயின் அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. 15 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் இது 86 சதவிகிதம். அடுப்பங்கரையிலிருந்து மூட்டைகள் வெளியேறியதும் வீடு பழையபடி புழங்க ஆரம்பித்துவிட்டது. எடை மறுபடி ஏறினால் நோயும் திரும்பும் என்பதால், இதை 'குணம்' என்று சொல்லாமல் 'தணிவு' என்றே மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

தட்டில் ஒரு மாற்றம், காலில் ஒரு மாற்றம்

பட்டினி தேவையில்லை. தட்டை மனதால் நான்காகப் பிரித்துக்கொண்டால் போதும். இரண்டு பங்கு காய், கீரை. ஒரு பங்கு பருப்பு, பயறு, கொள்ளு, முட்டை, மீன் போன்ற புரத உணவு. மீதி ஒரு பங்கு சோறு. வழக்கமாக இந்தக் கணக்கு தலைகீழாக இருக்கிறது. முக்கால் தட்டு சோறு, அதன்மேல் குழம்பு, ஓரத்தில் ஒரு கை பொரியல். வரப்பில் விளையும் தட்டைப்பயறும், கொல்லையில் படரும் அவரையும் சுரையும், தொட்டியில் வளரும் கீரையும் இந்த மாற்றத்துக்குப் போதும். எண்ணெயிலும் கணக்கு வேண்டும். செக்கில் ஆட்டியதோ, கடையில் வாங்கியதோ, ஒரு தேக்கரண்டி எண்ணெய் சுமார் 45 கலோரி.

வீட்டுப் பெண்கள் விஷயத்தில் தனிக் கவனம் வேண்டும். எல்லோரும் சாப்பிட்டபின் கடைசியில் உட்காருபவர்களுக்குச் சட்டியில் காய் மிஞ்சுவதில்லை. சோறும் ரசமும்தான் மிஞ்சும். 'வீணாகப் போகக்கூடாது' என்று மிச்சச் சோற்றையும் சேர்த்துச் சாப்பிடுவார்கள். கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் நோய் வரும் வாய்ப்பு அதிகம். பிரசவத்தோடு சரியாகிவிட்டது என்று விட்டுவிடாமல், அதன்பிறகும் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும்.

அடுத்தது கால். உடம்பில் சர்க்கரையை அதிகம் வாங்கிக்கொள்ளும் பெரிய வயல் தசைதான். தசை வேலை செய்யும்போது, இன்சுலினின் உதவி இல்லாமலே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். சாப்பிட்டபின் 15 நிமிடம் நடந்தாலே வித்தியாசம் தெரியும். ஒருநாள் உழைப்பின் பலன் ஒன்று அல்லது இரண்டு நாள்கள்தான் நிற்கும். நடவுக்கும் அறுப்புக்கும் மட்டும் பாடுபட்டு, இடைப்பட்ட மாதங்களில் திண்ணையில் உட்காருவது போதாது என்பது இதனால்தான். வேலை இல்லாத நாள்களில் வயலுக்கு நடந்தே போய்வருவது, மண்வெட்டி பிடித்து வரப்பு கழிப்பது, மாட்டுக்குப் புல் அறுத்துச் சுமந்து வருவது எல்லாம் தசையைக் காக்கும்.

30 வயது தாண்டியவர்கள், கயிறு தொடாதவர்கள், பெற்றோருக்குச் சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை இருந்தாலும், மூன்று மாத சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தாலும் அது முன்நிலை. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் சர்க்கரைப் பரிசோதனை இலவசம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீடு தேடியே வந்து பரிசோதிக்கிறார்கள். வயலுக்குக் கிளம்பும் அவசரத்தில் அவர்களைத் திருப்பி அனுப்பாமல், ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

வாசகர் கேள்விகள்

''அரிசியை விட்டுவிட்டு கேழ்வரகு, கம்பு, குதிரைவாலிக்கு மாறினால் போதுமா?''

சிறுதானியங்களில் நார்ச்சத்து அதிகம். மாறுவது நல்லதுதான். ஆனால், அவற்றிலும் பெரும்பங்கு மாவுச்சத்தே. மாவாக நைய அரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் சர்க்கரை வேகமாக ஏறும். முழுதாகவோ குருணையாகவோ சமைத்து, அளவாக, காயோடும் பயறோடும் சாப்பிடுங்கள். சோறு எவ்வளவு சாப்பிடலாமோ அதே அளவுதான் சிறுதானியத்துக்கும்.

''வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலாக நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் சேர்த்துக்கொள்ளலாமா?''

சுவையும் சில தாதுக்களும் கூடுதலாக இருக்கலாம். ரத்தச் சர்க்கரையை ஏற்றுவதிலும் எடையைக் கூட்டுவதிலும் பெரிய வித்தியாசம் இல்லை. டீயில் இனிப்பின் அளவை வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். நாக்கு பழகிவிடும்.

''இன்சுலின் எதிர்ப்பைக் கண்டுபிடிக்கத் தனி ரத்தப் பரிசோதனை இருக்கிறதாமே, செய்துகொள்ளலாமா?''

ரத்தத்தில் இன்சுலின் அளவைப் பார்க்கும் பரிசோதனை உண்டு. பெரும்பாலானவர்களுக்கு அதில் பணம் செலவழிக்கத் தேவையில்லை. இடுப்பளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு, இந்த நான்குமே போதுமான சேதி சொல்லிவிடும். ட்ரைகிளிசரைடு 150-க்கு மேல் இருந்து, கயிறும் தொடவில்லை என்றால், இன்சுலின் எதிர்ப்பு இருக்க வாய்ப்பு அதிகம்.

''முயற்சி எதுவும் செய்யாமலே மூன்று மாதத்தில் 6 கிலோ குறைந்துவிட்டது. நல்லதுதானே?''

இல்லை. உடனே பரிசோதனை செய்யுங்கள். சர்க்கரை மிக அதிகமாகும்போது, சாப்பிட்டது சிறுநீரில் வெளியேறி, உடம்பு தசையையும் கொழுப்பையும் கரைத்துவிடும். அதிக தாகம், ராத்திரியில் அடிக்கடி சிறுநீர், அசதி இருந்தால் தள்ளிப்போடவே கூடாது. காசநோய் போன்ற வேறு காரணங்களும் இருக்கலாம்.

''சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். நாளை முதல் சோற்றைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாமா?''

மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குறையுங்கள். இன்சுலின் ஊசியும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சில மாத்திரைகளும் சாப்பாட்டு அளவுக்கு ஏற்பக் கொடுக்கப்படுபவை. சாப்பாடு குறைந்து மருந்து அப்படியே இருந்தால் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துவிடும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கண் இருட்டுவது அதன் அறிகுறிகள். தனியாக வயலுக்குப் போகும்போது மடியில் கொஞ்சம் சர்க்கரையோ குளுக்கோஸ் பாக்கெட்டோ வைத்துக்கொள்ளுங்கள். எடை குறைந்து, சர்க்கரை கட்டுக்குள் வந்தாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. அளவைக் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் கையில்தான்.

''எடை குறைக்கும் ஊசி வந்திருக்கிறதாமே?''

வந்திருக்கிறது. பசியை அடக்கி எடையைக் கணிசமாகக் குறைக்கும். ஆனால், செலவும் பக்கவிளைவுகளும் உண்டு. நிறுத்தினால் எடை திரும்பும் வாய்ப்பும் அதிகம். யாருக்குத் தேவை என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். கடையில் நேரடியாக வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது.